சந்தேக சாரும் மூன்று சிங்காராவும்

சொந்த மனைவியிடம் அடையாளச் சான்று கேட்ட கணவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் சந்தேக சார்.

காற்றுவாக்கில் வந்த செய்தி இல்லை. நானே காதால் கேட்டது. கரியாஹாட் முனையில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து அவர் மனைவி போன் செய்வார். வரவேற்பு மேஜையில் இருக்கும் நான் எடுத்து சாரிடம் நீட்டுவேன்.

"யாரு பேசுதது?"

அந்த அம்மாள் தன் பெயரைச் சொல்வார்.

"பேரை யாரு வேணாலும் சொல்லலாம். நம்ம கல்யாணத்துல என்ன பாயசம்?"

"அடிப்பிடிச்ச சேமியா!" என்று ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்கும். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா ரசம் கிடையாது."

"சரி, வையி. நான் திரும்பக் கூப்பிடுதேன்."

வைத்துவிட்டு, அவரே வீட்டு எண்ணைப் போட்டு, "ஆங், இப்பச் சொல்லு, என்ன வேணும்?" என்பார். யார் கூப்பிட்டாலும் அந்த அழைப்பிலேயே பேசி முடித்துவிடக் கூடாது, நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது அவர் வகுப்பில் மூன்றாவது விதி. பிற்காலத்தில் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எத்தனையோ பேர் தேன் ஒழுகப் பேசி என்னைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். அந்த விதியால்தான் தப்பித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கட்டு கொத்தமல்லிக்கு இரண்டு டெலிபோன் கால் ஆகிறது என்பதுதான்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகிக் கல்கத்தா வந்து, டாலிகஞ்சில் வீடு பிடித்து, இரண்டு வருஷம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு பௌதிக்கு, அதாவது அண்ணிக்கு, நான் "போர்ட் பாபுவின் மனைவி". மீன்காரருக்கு "மீன் வாங்காத அம்மா". என் பெயர் எனக்கே மறந்துவிடும் போலிருந்த நேரத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. வரவேற்பு, அட்மிஷன், லேப் சாவி எல்லாம் என் பொறுப்பு. மாடிப்படி ஏறி வருகிறவர்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். அதற்காகவே சம்பளமில்லாமல்கூடப் போயிருப்பேன். இதை முதலாளி மித்ர பாபுவிடம் சொல்லாத அளவுக்குப் புத்தி இருந்தது.

மித்ர பாபு நல்லவர். வருஷத்துக்கு ஒருமுறை விளம்பரத்தில் புதிதாக ஒரு வார்த்தை போடாவிட்டால் காய்ச்சல் வந்துவிடும் அவருக்கு. அந்த வருஷத்து வார்த்தை "நெட்வொர்க் செக்யூரிட்டி". விளம்பரம் வந்த பிறகுதான் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அப்படி வந்து சேர்ந்தவர் சார். திருநெல்வேலிப் பக்கம். ஐம்பதை நெருங்கும் வயது. நேர்முகத் தேர்வில், "இந்தக் கம்பெனி ஒங்களுதுதான்னு நான் எப்படி நம்புதது?" என்று கேட்டாராம். இதே கேள்விக்காக மூன்று இடங்களில் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். மித்ர பாபு மட்டும் பயந்துபோய் வேலை கொடுத்துவிட்டார்.

அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. "பேரு தெரிஞ்சா பாதி பூட்டு தெறந்த மாதிரி" என்பார். மாணவர்கள் "சந்தேஹோ சார்" என்றார்கள். வங்காளத்திலும் அதற்கு அதே பொருள்தான் என்பதால் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுப்பார். "ஒங்க ஈமெயில் பாஸ்வேர்டை எழுதிக் குடுங்க. பலமா, பலவீனமான்னு மார்க் போட்டுத் தாரேன்." பதினாலு பேரும் பயபக்தியோடு எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் அழகாகக் கோடு வேறு போட்டிருந்தார். சார் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி, படிக்காமலே ஒவ்வொன்றிலும் பெரிய முட்டை போட்டார்.

"பாஸ்வேர்டைக் கேட்டா குடுக்கக் கூடாது. அவ்வளவுதான் பாடம். வீட்டுக்குப் போங்க."

இரண்டு மணி நேர வகுப்பு நாலு நிமிஷத்தில் முடிந்தது. பெற்றோர்கள் வந்து சத்தம் போட்டார்கள். அதில் ஒரு தந்தை, தன் மகனின் பாஸ்வேர்ட் அப்படி ஒன்றும் பலவீனமானதில்லை என்று நிரூபிக்க அதை என் மேஜையில் எழுதியே காட்டினார்.

அடுத்த வாரம் மாடிப்படியில் ஒரு ஃப்ளாப்பி கிடந்தது. அதன்மேல் ஆங்கிலத்தில் "பூஜா லீவு பட்டியல்" என்று எழுதியிருந்தது. கல்கத்தாவில் பூஜா லீவு பட்டியலைத் தாண்டிப் போகக்கூடிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. மித்ர பாபுவே குனிந்து எடுத்து, கோட்டுப் பைக்குள் மறைத்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தன் கம்ப்யூட்டரில் போட்டார். திரை கறுத்து, "கீழே கிடந்ததை எடுத்து வாயில் போடுவீர்களா?" என்று எழுத்து ஓடியது. கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தபோது, சார் கையில் ஒரு நீள நோட்டுடன் வாசலில் நின்றிருந்தார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் சாரைப் பற்றிச் சொல்ல முடியாது. அதற்குத் தப்பு நோட்டு என்று பெயர். நேரம், யார், என்ன தப்பு, என்ன நஷ்டம், என்ன திருத்தம் என்று ஐந்து கட்டங்கள். யார் என்ன தப்புச் செய்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் தன் கையாலேயே எழுத வேண்டும். எழுதிவிட்டால் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். மறைத்துவிட்டால் அன்றைக்கு அவர் பேசும் தமிழை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

முதலாளி எழுதினார். தினமும் பத்தரைக்கு எனக்கும் சாருக்கும் டீக் கொண்டுவரும் ஹாரு-தா, லேப் சாவியை மைத்துனரிடம் கொடுத்ததை எழுதினார். நானும் எழுதினேன்: "காலை பதினொன்று. முன்பின் தெரியாதவர் எனக்குக் காதல் கடிதம் என்று அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தேன். நஷ்டம்: மூன்று கம்ப்யூட்டர்கள்." நஷ்டத்தை எழுதியதோடு சார் விட்டாரா? "திருத்தம்னு ஒரு கட்டம் இருக்குல்லா? எழுதும்மா." நான் எழுதினேன்: "இனி யார் காதலித்தாலும் திறக்க மாட்டேன்." என் கணவர் பல வருஷம் இதைச் சொல்லியே சிரித்தார்.

இதெல்லாம் போகட்டும். ஜால்முடி விஷயம்தான் உச்சம். ஒருநாள் கரியாஹாட் நடைபாதையில் இருவரும் ஜால்முடி வாங்கினோம். பொரியில் கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குலுக்கிக் காகிதப் பொட்டலத்தில் கொடுப்பார்கள். அந்தப் பொட்டலத்துக்கு தோங்கா என்று பெயர். சார் இரண்டு வாய் தின்றுவிட்டு, மூன்றாவது வாய்க்குத் தோங்காவைச் சாய்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது ஒன் கையெழுத்துல்லா?"

எங்கள் அட்மிஷன் பட்டியல். மாணவர் பெயர், வீட்டு எண், லேப் ஐடி எல்லாம் எண்ணெயில் மினுமினுத்தன. நான் குப்பையில் போட்ட காகிதம் பழைய பேப்பர்க்காரர் வழியாக வந்து மிளகாயோடு சார் கையிலேயே சேர்ந்திருக்கிறது. சார் கடைக்காரரிடம் இருந்த தோங்கா மொத்தத்தையும் விலைக்குக் கேட்டார். "தாதா, தோங்கா இல்லாம ஜால்முடியை எதுல குடுப்பேன்?" என்று அவர் வங்காளத்தில் அழுதார். கடைசியில் மொத்த ஜால்முடியையும் சேர்த்தே வாங்க வேண்டியதாயிற்று. மூன்று நாள் எங்கள் நிலையத்தில் பொரியைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. அன்றுமுதல் எங்கள் குப்பைக் காகிதம் அத்தனையும் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிசைந்த பிறகுதான் மாடியை விட்டு இறங்கியது. படித்த பெண், கணினி நிலையத்தில் உத்தியோகம் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இங்கே புடவையைச் செருகிக்கொண்டு காகிதக் கூழ் பிசைந்துகொண்டிருந்தேன்.

இப்படி உலகத்தையே நம்பாத மனிதர் ஒன்றே ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். கல்கத்தாவில் தமிழ் யாருக்கும் தெரியாது என்பதுதான் அது.

வகுப்பில் என்னவோ முழங்குவார். "ஒங்க பூட்டு எப்படி வேல செய்யும்னு திருடனுக்குத் தெரியும்னு வச்சுக்கிட்டுத்தான் பூட்டு செய்யணும். அவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்னு சொல்லுதவன்தான் மொதல்ல மாட்டுவான்." இதை ஆங்கிலத்தில் ஒருமுறை, உடைந்த வங்காளத்தில் ஒருமுறை சொல்லுவார். வெளியே வந்து மெட்ரோவில் ஏறியதும், கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு அந்த வாரத்துப் பாஸ்வேர்டை எனக்குத் தமிழில் உரக்க ஒப்பிப்பார்.

"சார், யாருக்காவது தமிழ் தெரிஞ்சிருந்தா?"

"டாலிகஞ்ச்லேருந்து டம்டம் வரைக்கும் ஒருத்தனுக்குத் தெரியாது. நம்ம ஆளுன்னா மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிராதா?"

அவர் குடியிருந்த லேக் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீடு நம்மவர்கள். காலையில் இட்லி மாவு வாங்க வரிசை நிற்கும். அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. திருநீறு, மல்லிகைப்பூ, எவர்சில்வர் டிபன் கேரியர் மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் தமிழர் என்பது அவர் கணக்கு.

அந்த வருஷம் அட்மிஷன் படுத்துவிட்டது. பூஜைக்குள் பெரிய ஆர்டர் ஏதாவது வராவிட்டால் நிலையத்தை மூடிவிடுவதாக மித்ர பாபு எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஹாரு-தா துண்டால் முகத்தைத் துடைத்தார். சாரை வேறு எந்த நிலையம் சேர்க்கும்? எனக்கு அந்த டாலிகஞ்ச் வீட்டுச் சுவர் கண்முன் வந்து நின்றது. மறுபடி போர்ட் பாபுவின் மனைவி ஆக எனக்கு மனசே இல்லை.

கடைசியில் நாங்கள் எழுதிப்போட்ட ஓர் அரசு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அறுபது ஊழியர்களுக்குப் பயிற்சி. ஆனால் அவர்களுடைய மேலதிகாரி ஒருநாள் நேரில் வந்து பார்த்துத் திருப்தியானால்தான் கையெழுத்து.

அந்த மேலதிகாரி திருமதி சென். கஞ்சிபோட்ட தாந்த் கைத்தறிப் புடவை, பெரிய சிவப்புப் பொட்டு, கையில் சங்கு வளையல். தலைமுதல் கால்வரை வங்காளி. இரண்டு குமாஸ்தாக்களுடன் காலையில் வந்தார். மித்ர பாபு ஒரு தட்டு நிறையச் சிங்காரா வாங்கி வைத்திருந்தார். அது அவர்கள் ஊர்ச் சமோசா. உள்ளே உருளைக்கிழங்கும் காலிஃப்ளவரும் இருக்கும்.

சார் காலை வகுப்பை அமர்க்களமாக நடத்தினார். நல்ல பாஸ்வேர்ட் செய்வது எப்படி என்று காட்டினார். ஒரு முழு வாக்கியத்தை மனசில் வைத்துக்கொள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் எழுத்தை எடு. எண் வந்தால் எண்ணாகவே போடு. வாக்கியம் மறக்காது, எழுத்துகளை யாராலும் ஊகிக்க முடியாது. குமாஸ்தாக்கள் குறித்துக்கொண்டார்கள். திருமதி சென் தலையாட்டினார். நடுநடுவே சார் என் பக்கம் திரும்பித் தமிழில் நேர்முக வர்ணனை செய்துகொண்டே இருந்தார். "அந்தக் கண்ணாடிக்காரன் தூங்குதான் பாத்தியா?", "இந்த அம்மா மொகத்துல சிரிப்பே வராது போலுக்கே", இப்படி. நான் "சும்மா இருங்க சார்" என்று பல்லைக் கடித்தேன்.

மத்தியானம் சாருக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைப் பூட்டப் போவதாகவும், வந்தவர்களில் யாராவது ஒரு மணி நேரத்துக்குள் அதைத் திறந்துவிட்டால் அறுபது பேருக்கும் பயிற்சி இலவசம் என்றும் ஆங்கிலத்தில் அறிவித்தார். மித்ர பாபு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

தட்டச்சு செய்யும் விரலைப் பிறர் பார்ப்பார்கள் என்று சார் தானே பாஸ்வேர்ட் அடிக்க மாட்டார். என்னை உட்காரவைத்து, திரையை மறைத்து, அத்தனை பேருக்கும் நடுவில் கம்பீரமாகத் தமிழில் சொன்னார்:

"எழுதிக்கோம்மா. இந்த அம்மா மூணு சிங்காரா தின்னாச்சு, இன்னும் கையெழுத்து போடல."

முதல் எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்தேன். கோப்பு பூட்டிக்கொண்டது. சார் கையைக் கட்டிக்கொண்டு புன்னகைத்தார்.

திருமதி சென் எழுந்தார். கைக்குட்டையால் விரல்களை நிதானமாகத் துடைத்தார். என்னை எழச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, எட்டு எழுத்துகளை ஒற்றை விரலால் தட்டினார். கோப்பு திறந்துகொண்டது.

"கீ ஹோலோ? கீ ஹோலோ?" என்றார் மித்ர பாபு. என்ன ஆச்சு என்று எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு இல்ல சார், ரெண்டுதான் தின்னேன்," என்றார் திருமதி சென், அட்சரம் பிசகாத திருச்சித் தமிழில். "மூணாவது உங்க முதலாளி தின்னாரு. எங்கப்பாவுக்கு ரயில்வேல வேலை. பத்தாவது வரைக்கும் பொன்மலை காலனியிலதான் இருந்தோம். காலையிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தக் கண்ணாடிக்காரரு தூங்குனது நெசந்தான்."

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நொடியில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். உலகத்துக்கெல்லாம் பூட்டுப் போட்டுவிட்டு எங்கள் பிழைப்பை வாயாலேயே திறந்துவிட்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து தப்பு நோட்டை எடுத்தார். நின்றபடியே எழுதினார். எழுதி முடித்ததும், எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் படித்தார். "நேரம், இரண்டு இருபது. தப்புச் செய்தது, நான். என் மொழி இங்கே யாருக்கும் தெரியாது என்று நம்பி, பாஸ்வேர்டைச் சபையில் சொன்னேன்." நிறுத்தியிருக்கலாம். விவரம் முழுசாக இருக்க வேண்டும் என்பது அவர் விதியாயிற்றே. சிங்காரா வாக்கியத்தையும் வார்த்தை விடாமல் மொழிபெயர்த்துப் படித்தார். குமாஸ்தாக்கள் கூரையைப் பார்த்தார்கள். மித்ர பாபு கண்களை மூடிக்கொண்டார். "நஷ்டம், அறுபது பேர் பயிற்சிக் கட்டணம், ஒரு விருந்தாளியின் மரியாதை, மூன்று பேர் வேலை. திருத்தம், இந்த ஆள் இனி வாயைத் திறக்கும் முன் யோசிக்க வேண்டும்."

திருமதி சென் கையை நீட்டி நோட்டை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஃப்ளாப்பி, சாவி, தோங்கா, என் காதல் கடிதம் எல்லாவற்றையும் படித்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"எங்க ஆபீஸ்ல நான் சேந்ததுலேருந்து ஒரு தப்புகூட நடந்ததில்ல சார். காகிதத்துல அப்படித்தான் இருக்கு. அதான் எனக்குப் பயம்மா இருக்கு. இந்த மாதிரி ஒரு நோட்டு எங்களுக்கும் போட்டுக் குடுங்க. பேனா இருக்கா?"

"இருக்கும்மா," என்றார் சார். எனக்குத் தெரிந்து அவர் எதிர்க்கேள்வி கேட்காமல் பொருள் கொடுத்தது அன்று ஒருநாள்தான்.

"கட்டணம் முழுசாவே குடுக்குறோம். உங்க பாஸ்வேர்ட எனக்கு நீங்களே சொன்னீங்க, நான் ஒண்ணும் உடைக்கல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, திருமதி சென் மூன்றாவது சிங்காராவை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சார் திருந்திவிட்டார் என்று நினைத்தால் தப்பு. ரகசியத்துக்காக என்னிடம் இந்தியில் பேச ஆரம்பித்தார். அவருடைய இந்தி உண்மையிலேயே யாருக்கும் புரியவில்லை, எனக்கும் சேர்த்து.

இரண்டு வருஷத்தில் எங்களுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் ஹாரு-தா சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தார், மித்ர பாபு கைக்கடிகாரம் கொடுத்தார். சார் என்ன செய்தார் தெரியுமா? சந்தேஷ் என் வாயில் இருக்கும்போதே, என் கண்ணெதிரில் நிலையத்தின் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றினார். "போறவங்க கையில சாவி இருக்கக் கூடாது. தப்பா நெனச்சுக்காதம்மா." நான் தப்பாகத்தான் நினைத்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் கூழ் பிசைந்தவளுக்கு இதுதானா மரியாதை என்று ரயில் கரக்பூர் தாண்டும்வரை கணவரிடம் பொருமினேன்.

ஆறேழு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கல்கத்தா போனபோது, மனசு கேளாமல் அந்த மாடிப்படி ஏறினேன். சார் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐடி கார்டு இருக்கா?"

"சார், நான்தான்!"

"அதான் யாருன்னு கேக்கேன்." விசிட்டர் ரிஜிஸ்டரை நீட்டினார். அதற்குப் பக்கத்திலேயே பழைய தப்பு நோட்டும் இருந்தது. கையெழுத்துப் போடுகிற சாக்கில் அதைத் திறந்து, நான் கிளம்பிய மறுநாள் தேதியைத் தேடினேன். சாரின் கையெழுத்துதான்.

"நேரம், காலை பத்தரை. தப்புச் செய்தது, நான். பழக்க தோஷத்தில் ஹாரு-தாவிடம் இரண்டு டீ சொல்லிவிட்டேன். நஷ்டம், ஒரு டீ." அதற்கடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். ஒன்பது நாள் வரிசையாக இரண்டு டீ. திருத்தம் என்ற கட்டத்தில் ஒருநாள்கூட எதுவும் எழுதியிருக்கவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரயிலில் பொருமியதற்காக வெட்கமாகவும் இருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் விசிட்டர் ரிஜிஸ்டரில் என் பெயரை எழுதினேன். சார் அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"ஹாரு-தா, துட்டோ சா!"

இரண்டு டீ வந்தது. அன்றைக்கு நோட்டில் யாரும் எழுதவில்லை.